சனிக்கிழமை எட்டும் காடு

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளில் வரும் ஊர்ப்பெயர்களை எடுத்து ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். தெற்கே ஜவளகிரி, கும்மளாபுரம், அஞ்செட்டி, சிவனிப்பள்ளி, பென்னாகரம், முத்தூர், ஒகேனக்கல் என்று நெருக்கமாக ஒரு கொத்து விழும். கிழக்கே சித்தூர்ப் பக்கம் சாமலா பள்ளத்தாக்கும் மாமண்டூரும். வடமேற்கே தும்கூரை ஒட்டித் தேவராயனதுர்கா. ஜாலஹள்ளி பெங்களூருக்குள்ளேயே இருக்கிறது. சிவமொக்கா பக்கத்துக் காடுகளும் நீலகிரியின் சிகூரும் கொஞ்சம் தள்ளி நிற்கும். தள்ளி நிற்பவை உட்பட எல்லாமே பெங்களூரிலிருந்து ஒரு பகலிலோ ஓர் இரவிலோ போய்ச் சேரக்கூடிய இடங்கள். அன்றைய தென்னிந்தியாவில் புலி நடமாடிய காடுகள் இவற்றைத் தாண்டியும் எத்தனையோ இருந்தன. ஆண்டர்சன் எழுத்தின் கனம் மட்டும் இந்த வட்டத்துக்குள்ளேயே விழுகிறது. வட்டத்தைப் போட்டது ஒரு தொழிற்சாலையின் வார விடுமுறை.

காட்டைப் பற்றி எழுதுகிறவரை நினைத்தால் மரத்தடியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் நம் மனத்தில் வருகிறார். அவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள், எத்தனை நாள் விடுப்பு கிடைத்தது, வண்டிக்குப் பெட்ரோல் யார் போட்டார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் நூலைப் பற்றியே சில விஷயங்கள் விளங்குகின்றன. எந்த விலங்கைப் பற்றி எழுதுவது, எந்தக் காட்டை எழுதுவது, எவ்வளவு நீளமாக எழுதுவது என்பதிலெல்லாம் எழுத்தாளரின் மோகத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அவருடைய சம்பளத்துக்கும் உண்டு. இதைச் சோதித்துப் பார்க்கப் பெங்களூர் தோதான ஊர். சுமார் எழுபது ஆண்டுகளாக இங்கிருந்து காட்டு நூல்கள் வந்துகொண்டிருக்கின்றன. எழுதியவர்களில் விமானத் தொழிற்சாலை மேலாளர், பொறியியல் படித்துவிட்டு விவசாயம் பார்த்தவர், தபால் துறை அதிகாரி, பேராசிரியர் என்று பல தரப்பினர் உண்டு.

ஆண்டர்சன் 1910இல் செகந்தராபாத்தை ஒட்டிய போலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வழி வந்த குடும்பம், பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே இருந்தது. படித்தது பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். படிப்பை முடிக்காமலே திரும்பிவிட்டார். தபால் தந்தித் துறையில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்த பின் பெங்களூர் விமானத் தொழிற்சாலைக்கு மாறினார். வால்சந்த் ஹிராசந்த் 1940இல் தொடங்கி, இன்று எச்.ஏ.எல். என்று ஊரறிந்திருக்கும் அதே தொழிற்சாலைதான். அங்கே திட்டமிடல் பிரிவில் மேலாளர். முதல் நூல் 1954இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 44. அதன்பின் 1957, 1959, 1961, 1964, 1967, 1970 என்று இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்றாகக் காட்டு நூல்கள் வந்தன. 1974இல் பெங்களூரில் காலமானார். கடைசி நூல் அவர் இறந்த பிறகு 1976இல் வெளியானது.

அந்தக் காலத்துச் சனிக்கிழமை ஒன்றை அவருடைய கதைகளைக் கொண்டே கட்டி எழுப்பலாம். வேலை முடிந்ததும் ஸ்டூடிபேக்கர் கார் புறப்படும். ஓசூர் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து தேன்கனிக்கோட்டை இருபத்தைந்து. அதற்கு மேல் அஞ்செட்டி நோக்கி இறங்கும் பாதையில் வேகம் காட்ட முடியாது. காரில் .405 வின்செஸ்டர் துப்பாக்கி, அதன் குழலோடு பொருத்திக்கொள்ளும் டார்ச் விளக்கு, கூடுதல் பேட்டரி, போர்வை, சப்பாத்தி, பிளாஸ்க் நிறையத் தேநீர். இருட்டுவதற்குள் பரணில் ஏறியாக வேண்டும். ஏறியபின் விடியும் வரை இருமக்கூட வழியில்லை. காலையில் இறங்கி, தடம் பார்த்து, ஊராரிடம் பேசி, மறுபடி கார். புலி வரவில்லை என்றால் வரவில்லைதான், தொழிற்சாலை காத்திருக்காது. விடுப்பு தீர்ந்துபோய், ஆட்கொல்லியை அப்படியே விட்டுவிட்டு பெங்களூருக்குத் திரும்பும் இடங்கள் அவர் கதைகளில் உண்டு. பெரிய பத்திரிகைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, கதையில் பதற்றத்தைக் கூட்டும் உத்தி என்பார்கள். எனக்கு அது விடுப்பு விண்ணப்பமாகவே படுகிறது.

அவர் ஏன் ஆட்கொல்லிகளைப் பற்றி இவ்வளவு எழுதினார் என்பதற்கும் இதில் ஒரு விடை இருக்கிறது. காட்டிலேயே குடியிருப்பவருக்கு, ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகும் சாதாரணப் புலியைக் கவனிக்க மாதங்கள் உண்டு. வாரக் கடைசியில் வந்து போகிறவருக்கு அந்த மாதங்கள் கிடையாது. ஆட்கொல்லி மட்டுமே தான் இருக்கும் இடத்தைத் தானே தெரிவிக்கும். ஒவ்வொரு சாவும் ஒரு தேதி, ஓர் ஊர். அந்த ஊர்களையும் நாட்களையும் வரிசைப்படுத்தி, விலங்கு எந்தச் சுற்றில் போகிறது, அடுத்து எங்கே தலைகாட்டும் என்று கணக்குப் போடும் பக்கங்களை அவர் ரசித்து எழுதியிருக்கிறார். பகலெல்லாம் உதிரி பாகங்கள் எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போய்ச் சேரும் என்று பார்க்கிற மனிதரின் மூளை அதில் தெரிகிறது. கும்மளாபுரத்துச் சிறுத்தை கொன்றதாக அவர் சொல்லும் எண்ணிக்கை 42 பேர். கணக்கு இத்தனை துல்லியமாக இருந்தாலும் பல கதைகளில் ஆண்டு மட்டும் இருக்காது. ஆகவே இந்தக் கதைகளை வனத்துறைப் பதிவேடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்ததை வைத்து ஒரு நல்ல கதைசொல்லி செய்த படைப்பாக வாசிப்பதே நியாயம்.

செய்தி அவருக்கு எப்படி வந்தது? கடிதமாக, தந்தியாக, ஆள் மூலமாக. வனக்காவலர், ஸ்டேஷன் மாஸ்டர், காபித் தோட்டக்காரர், மாட்டுக்காரர் என்று பலர் எழுதினார்கள், சொல்லி அனுப்பினார்கள். தபால் தந்தித் துறையில் பதினைந்து ஆண்டு இருந்தவருக்கு எந்தக் கிராமத்திலிருந்து எந்தத் தந்தி அலுவலகம் வழியாகச் சேதி வரும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசியதால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அன்றைக்கு இந்தத் தெற்குக் காடுகள் சேலம் மாவட்டத்தின் வட பகுதி. பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த எல்லை நிலம். அங்கே பேச்சு வார்த்தையில்தான் பாதி வேட்டை முடியும்.

மீதிப் பாதி பைராவுடையது. முதல் நூலிலேயே இவருக்கென்று தனி அத்தியாயம் உண்டு. முத்தூர்க் காட்டில், சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பழங்குடி மனிதர். சட்டத்தின் கண்ணில் திருட்டு வேட்டைக்காரர். உரிமம் வைத்திருந்த துரைக்கும் உரிமம் இல்லாத பைராவுக்கும் இடையே பல ஆண்டு நீடித்த நட்பு உண்டானது. பென்னாகரத்துப் பக்கம் ரங்கா என்று இன்னொரு கூட்டாளி. ஆண்டர்சனின் எழுத்தில் தடம் படிப்பது, காற்றின் போக்கைப் பார்ப்பது, குரங்கின் குரலையும் கடமானின் குரலையும் கேட்டுப் புலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்வது இவையெல்லாம் வரும்போது பக்கத்தில் பெரும்பாலும் பைராவோ ரங்காவோ இருக்கிறார்கள். காட்டில் வாரம் முழுதும் இருந்தவர்கள் அவர்கள். வாரக் கடைசியில் வந்தவர் அவர்கள் பார்த்ததை வாங்கிக்கொண்டு போய் நகரத்தில் எழுதினார். ஆண்டர்சன் இதை மறைக்கவில்லை, அன்போடு ஒப்புக்கொள்கிறார். அதே காலத்து வெள்ளைக்கார வேட்டை நூல்கள் பலவற்றில் உள்ளூர்க்காரருக்குப் பெயர்கூட இருக்காது. அந்த வகையில் இவர் மேல். ஆனாலும் நூலின் அட்டையில் இருப்பது ஒரு பெயர்தான்.

கையெழுத்துப் பிரதி லண்டனுக்குப் போனது. வெளியிட்டது அங்குள்ள ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகம். வாசகர் யார் என்பது அதோடு முடிவாகிவிட்டது. கடமான் என்றால் என்ன, பஞ்சாயத்து என்றால் என்ன, மூங்கில் காடு எப்படி இருக்கும் என்று அவர் நின்று நிதானமாக விளக்குவது அஞ்செட்டிக்காரருக்காக அல்ல. மழையில் நனைந்த இங்கிலாந்து நகரம் ஒன்றில் கணப்படுப்புப் பக்கம் உட்கார்ந்து படிப்பவருக்காக. இந்த விளக்கங்களே அவர் நூல்களின் மிகப் பலவீனமான பக்கங்கள் என்பது என் கருத்து. அவற்றைக் கழித்துவிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கன்னடத்துக்குப் போகலாம். பூர்ணசந்திர தேஜஸ்வி (1938–2007) ஆண்டர்சனைக் கன்னடத்தில் தன் போக்கில் திருப்பிச் சொல்லி, 'காடின கதெகளு' என்ற வரிசையாக வெளியிட்டார். தேஜஸ்வியும் முழுநேர எழுத்தாளர் இல்லை. மூடிகெரெயில் காபித் தோட்டம் வைத்திருந்தார். காடு அவருக்குக் கொல்லைப்புறம். கார் ஏறிப் போகவேண்டிய இடமாக அது இருந்ததில்லை. அதனால்தான் அவருடைய சொந்த எழுத்தில் ஆட்கொல்லியைவிட மீன், பூச்சி, பறவை, ஓணான் அதிகம் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம், ஆனால் முற்றிலும் தவறாகாது.

சம்பளம் இல்லாதவருக்கு என்ன ஆகும் என்பதற்கு மா. கிருஷ்ணன் (1912–1996) சாட்சி. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். திருநெல்வேலியில் பிறந்து சென்னையில் வாழ்ந்தவரானாலும் கர்நாடகத்தோடு அவருக்கு அழுத்தமான தொடர்பு உண்டு. இன்றைய பள்ளாரி பக்கத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் 1940களில் பல பொறுப்புகளில் வேலை பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பின் வேலைக்குப் போகவே இல்லை. எழுத்தும் புகைப்படமும் சித்திரமுமே பிழைப்பு. 1950இலிருந்து கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்தி எழுதினார். 46 ஆண்டுகள், சாகும்வரை அது நிற்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை என்றால் ஒவ்வொன்றுக்கும் ரயிலேறி முதுமலைக்குப் போக முடியாது, பத்திச் சன்மானம் அதற்குக் காணாது. ஆகவே அணில், காக்கை, ஓணான், ஆந்தை, வீட்டுச் சுவரில் பல்லி, தோட்டத்துக் கீரி. யாரும் திரும்பிப் பார்க்காத இந்த உயிர்களைப் பற்றி இந்திய ஆங்கிலத்தில் அவரைப் போல எழுதியவர் இல்லை. பணமில்லாமை அவரை வாசற்படியிலேயே நிறுத்தியது. வாசற்படியில் நின்று அவர் பார்த்தது அதிகம். பெரிய காடுகளுக்குப் போக அவருக்கு வாய்த்த தருணங்களில் ஒன்று 1968இல் கிடைத்த நேரு நல்கை. அதன் விளைவாக வந்ததே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்ட, இந்தியப் பாலூட்டிகள் பற்றிய அவருடைய நூல். கையிருப்பில் இருந்த பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா செய்துகொண்டார். 'சூப்பர் பாண்டெரோசா' என்று அதற்குப் பெயரும் வைத்தார். கேமராவைக் கடையில் வாங்குகிற நிலையில் இருக்கிறவர் இப்படிச் செய்வாரா என்பது சந்தேகம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எல்லாம் மாறியது. 1970இல் புலி வேட்டைக்குத் தடை. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 1973இல் புலிகள் காப்புத் திட்டம், முதல் ஒன்பது காப்பகங்களில் பந்திப்பூரும் ஒன்று. துப்பாக்கி உரிமத்தோடு காட்டுக்குள் நுழைந்த எழுத்தாளர் என்ற இனம் சட்டப்படி முடிவுக்கு வந்தது. ஆண்டர்சன் இதை எதிர்பார்க்காதவர் அல்ல. பிந்தைய நூல்களில் அவரே காடு காலியாவதைப் பார்த்துப் புலம்புகிறார், துப்பாக்கியைவிட கேமரா நல்லது என்கிறார். ஆனால் வனத்துறை அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் கேமராவோடும் உள்ளே போக முடியாத காலம் வந்தபோது அவர் இல்லை. முன்பு காட்டுக்குள் போகத் தேவைப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இனி தேவைப்பட்டது ஓர் அனுமதி. அனுமதி கேட்கத் தகுதியான காரணம் ஆராய்ச்சி.

இப்படித்தான் பெங்களூரின் அடுத்த தலைமுறைக் காட்டு எழுத்தாளர்கள் விஞ்ஞானிகளாக அமைந்தார்கள். உல்லாஸ் காரந்த் 1948இல் பிறந்தவர். கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன். சூரத்கல்லில் இயந்திரப் பொறியியல் படித்தார், சில காலம் வேலை பார்த்தார், பிறகு விவசாயம். நாகரஹொளெக் காட்டில் சும்மா திரிந்துகொண்டிருந்த ஆர்வலர், எண்பதுகளில் வன உயிரியல் படிக்க அமெரிக்கா போய் 1988இல் புளோரிடாவில் பட்டமேற்படிப்பை முடித்தார். நாகரஹொளெயில் ரேஞ்சராக இருந்த கே.எம். சின்னப்பா காட்டுக்குள் அவருக்கு வழித்துணை.

காரந்த் செய்த வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். காட்டுப் பாதையின் இரண்டு பக்கத்திலும் எதிரெதிராக இரண்டு கேமராப் பெட்டிகளைக் கம்பத்தில் கட்டுகிறார்கள், புலியின் விலா உயரத்துக்கு. நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர். அதை விலங்கு குறுக்கிட்டால் இரண்டு கேமராவும் ஒரே நேரத்தில் சிமிட்டும். ஏன் இரண்டு? புலியின் வலப்பக்கக் கோடுகள் வேறு, இடப்பக்கக் கோடுகள் வேறு. ஒரு பக்கத்தை மட்டும் வைத்திருந்தால் அதே புலியை இரண்டு புலியாக எண்ணிவிட வாய்ப்பு உண்டு. கோடுகளை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, எத்தனை முறை எது திரும்பத் திரும்பச் சிக்குகிறது என்பதிலிருந்து, சிக்காதவை எத்தனை இருக்கும் என்று புள்ளியியல் முறையில் மதிப்பிடுகிறார்கள். 1995இல் நாகரஹொளெப் புலிகளைக் கொண்டு காரந்த் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் இந்த முறை உலகம் முழுதும் பரவியது. அதுவரை இந்தியாவில் காலடித் தடத்தைக் கண்ணாடியில் வரைந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஆள் ஒரே புலியின் தடத்தை இரண்டு முறை வரைந்தாலே இரண்டும் ஒத்துப்போகாது என்பதை வனத்துறை ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

காரந்தின் பொது வாசகருக்கான நூல்களில் புலிக்கு ஊர்ப்பெயர் இல்லை. ஆண்டர்சனின் புலி ஜவளகிரிப் புலி, சோர்டிப் புலி, யெம்மேதொட்டிப் புலி. காரந்தின் புலிக்கு எண் உண்டு, பிறப்பு உண்டு, எல்லை உண்டு, முதுமை உண்டு. ஒரே விலங்கை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் இது முடியும். ஆண்டுக்கணக்கில் பின்தொடர நிறுவனம் வேண்டும், வெளிநாட்டு நிதி வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கும் விலை உண்டு. ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டும் ஆய்வு நடந்த 1990இல் காட்டில் சில புலிகள் செத்துக் கிடந்தபோது ஆய்வின் மேல் பழி போட்டுப் பெரும் கூச்சல் எழுந்தது. வேலை தடைபட்டது. ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காரருக்குப் புலி மட்டும் வராமல் போகலாம். விஞ்ஞானிக்கு அனுமதியே வராமல் போகலாம். அனுமதியை நம்பியிருப்பவர் வனத்துறையைப் பற்றி என்ன எழுதலாம், எதைச் சொல்லாமல் விடலாம் என்ற கேள்வி இந்தியக் காட்டு எழுத்தின் மேல் இன்றும் தொங்கிக்கொண்டிருக்கிறது. காரந்த் வெளிப்படையாகச் சண்டை போட்டவர். எல்லாரும் அப்படி இல்லை.

இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் ரமன் சுகுமாரின் பாதை சற்று மென்மையானது. சத்தியமங்கலம், சாமராஜநகர் பக்கத்துக் காடுகளில் எண்பதுகளின் தொடக்கத்தில் யானைகளைப் பின்தொடர்ந்தார். ராகியும் சோளமும் விளைகிற நிலத்தில் காவல் காக்கும் விவசாயிகளோடு இரவு விழித்தார். பெண்யானைகளைவிட ஆண் யானைகள்தான் பல மடங்கு அதிகமாகப் பயிரில் இறங்குகின்றன என்று காட்டினார். முதலில் 1989இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஆய்வு நூல். ஐந்து ஆண்டு கழித்து 1994இல் அதே அனுபவத்தைக் கதைபோலச் சொல்லும் நூல். வரிசை முக்கியம். சம்பளத்துக்கு உரியதை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வாசகருக்குச் சொல்கிறார். அந்த மிச்சத்தில்தான் யானைகளின் குணம் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தப் பட்டியலில் நெருக்கமானவர் சு. தியடோர் பாஸ்கரன். 1940இல் தாராபுரத்தில் பிறந்தவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரி மாணவர். 1964இல் இந்திய அஞ்சல் பணியில் சேர்ந்து, 1998இல் தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் துறைத் தலைவராக ஓய்வு பெற்றார். பிறகு பெங்களூர்வாசி. சினிமா வரலாற்றாசிரியராக முதலில் பேர் வாங்கியவர். இயற்கை பற்றிய தமிழ்க் கட்டுரைகள் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்கு', 'தாமரை பூத்த தடாகம்', 'வானில் பறக்கும் புள்ளெலாம்', 'சோலை எனும் வாழிடம்' என்று தொகுதி தொகுதியாக வந்தன. பெங்களூரில் எழுதப்பட்ட புலி நூலைத் தமிழுக்குக் 'கானுறை வேங்கை'யாகக் கொண்டுவந்தவரும் அவரே. அது உல்லாஸ் காரந்தின் நூல். கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று கொடுத்தவரும் அவரே.

தபால் துறை உயர் அதிகாரிக்கு மாற்றல் உண்டு, சுற்றுப்பயணம் உண்டு. இன்றைக்கு மேகாலயம், சில ஆண்டில் குஜராத், பிறகு தெற்கு. ஒரே காட்டில் பத்தாண்டு தங்க வழியில்லை. பல நிலங்களை ஒப்பிட்டுப் பார்க்க வழி இருந்தது. பாஸ்கரனின் கட்டுரை இதனால் கச்சிதமாக, நாலைந்து பக்கத்தில் முடிந்துவிடும். ஓர் ஏரி, ஒரு பறவை, பழைய இலக்கியத்தில் அது இருந்த இடம், கல்வெட்டில் ஒரு குறிப்பு, இன்றைய நிலை. சுற்றுலா மாளிகையில் ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் பைனாகுலரோடு வெளியே போய், பத்து மணிக்கு ஆய்வுக்கூட்டத்துக்குத் தயாராகிவிடும் அதிகாரியின் வேகம் அதில் இருக்கிறது என்று நான் ஊகிக்கிறேன். தமிழில் இயற்கைக் கட்டுரை என்ற வடிவம் இன்று இப்படிச் சிறியதாக, தகவல் செறிந்ததாக இருப்பதற்கு அவருடைய முன்மாதிரி ஒரு காரணம். அதே வடிவம் அவருக்குப் பின் வந்தவர்களிடம் சில சமயம் வெறும் தகவல் அடுக்காகிப் போனதையும் சொல்லத்தான் வேண்டும். பாஸ்கரனிடம் தகவலுக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுப் பார்வை இருக்கிறது. நகலெடுக்க முடியாதது அதுதான்.

காசுக் கணக்கையும் ஒரு முறை போட்டுவிடலாம். தமிழில் 300 ரூபாய் விலையுள்ள ஒரு காட்டு நூல் ஆயிரம் பிரதி விற்று, ஆசிரியருக்குப் பத்து விழுக்காடு உரிமைத்தொகை ஒழுங்காக வந்து சேர்ந்தால் 30,000 ரூபாய். ஆயிரம் விற்பதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பது வேறு விஷயம். கபினிக் கரையில் நல்ல விடுதியில் தங்கி நாலு முறை சஃபாரி போய் வந்தால் அந்தத் தொகை தாங்காது. கேமராவின் நீண்ட லென்ஸைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். இன்றைக்குப் பெங்களூரில் வார இறுதியில் காடு போகிறவர்களில் கணினித் துறைக்காரர்கள் ஏராளம். அவர்களிடம் காரும் கேமராவும் உண்டு. அவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் படம். எழுத்து குறைவு. ஆண்டர்சனின் பெயரிலேயே ஓர் இயற்கைக் கழகத்தைப் பெங்களூர் ஆர்வலர்கள் நடத்துகிறார்கள். மேலகிரி மலைகளில் வனத்துறையோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். அவர் சுற்றிய அந்தக் காடுகளின் பெரும் பகுதி 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாகவும், 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது.

சிறுத்தை நகரத்துக்குள் வந்துவிட்டால் எழுத்தாளர் வாரக் கடைசிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2016 பிப்ரவரியில் பெங்களூரின் கிழக்கு எல்லையில் ஒரு தனியார் பள்ளிக்குள் சிறுத்தை நுழைந்தது. அதைப் பிடிக்க முயன்றவர்களில் சஞ்சய் குப்பியும் இருந்தார், நீச்சல் குளத்தருகே அது அவரைக் கடித்துக் குதறியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மின் பொறியியல் படித்துவிட்டு வன உயிரினப் பாதுகாப்புக்கு வந்தவர் இவர். கர்நாடகச் சிறுத்தைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 2021இல் வெளிவந்தது. அதே சிறுத்தை இனத்தைப் பற்றி ஜாலஹள்ளியை வைத்து ஆண்டர்சன் எழுதிய கதை அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது. அந்த ஜாலஹள்ளியில் ஐம்பதுகளில் எச்.எம்.டி., பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வந்தன, இப்போது மெட்ரோ நிலையம் இருக்கிறது. இரண்டு எழுத்தாளருக்கும் வித்தியாசம் ஒன்றுதான் என் கண்ணுக்குப் படுகிறது. ஆண்டர்சனின் சிறுத்தை செத்ததும் கதை முடிந்துவிடும். குப்பியின் சிறுத்தை மயக்க ஊசிக்குப் பிறகும் உயிரோடு இருக்கும், அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில்தான் அவருடைய கதை தொடங்கும்.

இத்தனை பேரில் பைரா தரப்பிலிருந்து ஒருவர்கூட இல்லை என்ற குறை நெடுநாள் இருந்தது. பிலிகிரிரங்கன் மலை 1974இல் சரணாலயம் ஆனபோது காட்டுக்குள் சிதறி வாழ்ந்த சோலிகர் பழங்குடியினரை ஓரத்துக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். வேட்டையும், தரையில் காய்ந்த சருகுக்கு ஆண்டுதோறும் தீ வைக்கும் பழக்கமும் தடைசெய்யப்பட்டன. அந்தச் சோலிகர் சமூகத்தில் பிறந்த சி. மாதேகௌடா முனைவர் பட்டம் பெற்று, பெங்களூரில் 1996இல் தொடங்கிய ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ், புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே காட்டில் 2011இல் சோலிகர்கள் சமூக உரிமை பெற்றதில் அவருக்கும் பங்கு உண்டு. அவர் எழுதிய கட்டுரைகளில் ஒன்று 2009இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வந்தது. அதன் பொருள் சோலிகரின் மரபறிவும் காட்டுப் பாதுகாப்பும்.

காட்டில் வளர்ந்தவருக்கும் இப்போது மாதச் சம்பளம் இருக்கிறது, எழுத மேசை இருக்கிறது. அவரும் அவருடைய மக்களும் எழுத்தில் முதன்மையாக எடுத்துக்கொண்டது புலியை அல்ல. காடு முழுதும் பரவிக் கிடக்கும் உண்ணிச்செடியை. பழைய நாளில் தரையில் தாழ்வாக ஓடிய சருகுத் தீ அந்தச் செடியின் விதைகளையும் கன்றுகளையும் அழித்து, புல்லையும் நெல்லியையும் வாழவைத்தது, தீயை நிறுத்திய பின்தான் உண்ணி அடர்ந்து யானைக்குக்கூட நடைபாதை இல்லாமல் போனது என்கிறார்கள். வனத்துறையில் பலர் இதை ஏற்கவில்லை. சூழலியலாளர்களில் சிலர் அதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.